படம் திக்குகிறது, குரல் ஓடுகிறது: பிளேபேக்கில் எதை மாற்றுவது?

கேள்வி:

முதன்முறையாக ஒரு ஆவணப்படம் எடுத்து, நானே எடிட் செய்கிறேன். பெரும்பகுதி கேமராவில் எடுத்தது: 4கே, எச்.265, 10 பிட் 4:2:2, நொடிக்கு 25 ஃபிரேம். சில காட்சிகள் போனில் எடுத்தவை. அவை நொடிக்கு 30 ஃபிரேம். மொத்தம் மூன்று மணி நேர ஃபுட்டேஜ். பிரீமியர் புரோ என்ற எடிட்டிங் மென்பொருளில் ஓட்டினால் குரல் ஒழுங்காக வருகிறது, படம் மட்டும் நின்று நின்று போகிறது. பிளேபேக் ரெசல்யூஷனை நான்கில் ஒன்றாகக் குறைத்துப் பார்த்தேன், மாற்றமே இல்லை. விண்டோஸ் லேப்டாப், 16 ஜிபி ரேம், தனி கிராபிக்ஸ் கார்டு இருக்கிறது. இன்னும் பெரிய கார்டு உள்ள லேப்டாப் வாங்கு என்கிறார் நண்பர். வாங்கித்தான் ஆக வேண்டுமா? அப்புறம், இந்த செட்டிங்குகளைக் குறைத்துக்கொண்டே போனால் கடைசியில் வெளிவரும் படத்தின் தரமும் குறைந்துவிடுமா?

பதில்:

கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்தப் பயத்தினால்தான் பலர் எதையும் தொடாமல் திக்கும் டைம்லைனோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டுகிறார்கள். தரம் குறையாது. பிளேபேக் ரெசல்யூஷன் என்பது எடிட் செய்யும்போது உங்கள் கண்ணுக்குக் காட்டும் படத்தின் அளவு மட்டுமே. எக்ஸ்போர்ட் கொடுக்கும்போது மென்பொருள் மறுபடியும் மூலக் கோப்புகளுக்குப் போய், ஒவ்வொரு ஃபிரேமையும் முழு அளவில் புதிதாகச் செய்கிறது. ஒரே ஒரு இடத்தில் கவனம் வேண்டும்: எக்ஸ்போர்ட் பக்கத்தில் ‘யூஸ் பிரிவியூஸ்’, ‘யூஸ் ப்ராக்ஸீஸ்’ என்று இரண்டு டிக் பெட்டிகள் இருக்கும் (ப்ராக்ஸி என்றால் என்ன என்று கீழே சொல்கிறேன்). இறுதிப் பிரதி எடுக்கும்போது இரண்டும் காலியாக இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். அவ்வளவுதான்.

லேப்டாப் வாங்குவதைப் பொறுத்தவரை, இப்போதைக்கு வேண்டாம். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் நீங்கள் வைத்திருக்கும் ஃபுட்டேஜில் ஒரே நேரத்தில் இரண்டு வேறு வேறு திக்கல்கள் இருக்கின்றன என்று நினைக்கிறேன். இரண்டுக்கும் மருந்து வேறு.

அதற்கு முன், இதை ஏன் சகித்துக்கொள்ளக் கூடாது என்று ஒன்று சொல்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு நேர்காணலை வெட்டிக்கொண்டிருந்தேன். கேள்வி முடிந்ததும் அந்தப் பெண்மணி சற்று மௌனமாக இருந்துவிட்டுப் பதில் சொல்கிறார். என் டைம்லைன் அப்போது உங்களுடையதைப் போலத்தான் ஓடியது. மௌனமான இடத்தில் படம் உறைந்து நின்றதால் அந்த இடைவெளி இழுவையாகத் தெரிந்தது. 12 ஃபிரேமை எடுத்துவிட்டேன். முடித்த படத்தைப் பெரிய திரையில் பார்த்தபோதுதான் புரிந்தது: பேசத் தொடங்குவதற்கு முன் அவர் மூச்சை உள்ளே இழுத்து, உதட்டை ஒருமுறை இறுக்கி விடுவிக்கிறார். நான் வெட்டி எறிந்த அரை நொடியில் அது போய்விட்டது. எடிட்டிங் முழுக்க முழுக்க நேரத்தை வைத்துச் செய்கிற வேலை. ஓடும்போது படம் பொய் சொன்னால் வெட்டும் பொய்யாகத்தான் விழும். அதனால் ‘எப்படியோ சமாளித்துக்கொள்கிறேன்’ என்று யார் சொன்னாலும் நான் ஒத்துக்கொள்வதில்லை.

சரி, நோய் எது என்று பார்ப்போம். புரோகிராம் மானிட்டரின், அதாவது டைம்லைனில் உள்ள படம் ஓடும் சாளரத்தின், கீழே ஸ்பேனர் படம் போட்ட பட்டன் இருக்கிறது. அதை அழுத்தி ‘ஷோ டிராப்டு ஃபிரேம் இண்டிகேட்டர்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். சின்னதாக ஒரு பச்சைப் புள்ளி வரும். ஓட்டும்போது ஒரு ஃபிரேம் தவறினாலும் அது மஞ்சளாகிவிடும். மவுஸை அதன் மேல் வைத்தால் எத்தனை ஃபிரேம் விட்டுப்போனது என்று எண்ணிக்கை காட்டும். எந்த செட்டிங்கை மாற்றுவதற்கு முன்பும் இதைப் போட்டுக்கொள்ளுங்கள். பலர் பத்து செட்டிங்கை ஒரே மூச்சில் மாற்றிவிட்டு, எது வேலை செய்தது என்று தெரியாமல் விழிக்கிறார்கள். ஒன்றை மாற்றுங்கள், அதே 20 நொடிப் பகுதியை ஓட்டுங்கள், எண்ணைப் பாருங்கள், அப்புறம் அடுத்தது.

டாவின்சி ரிசால்வ் என்ற இன்னொரு எடிட்டிங் மென்பொருளில் இதே வேலையை வியூவரின் மேலே இருக்கும் எண் செய்கிறது: நொடிக்கு எத்தனை ஃபிரேம் ஓடுகிறது என்று காட்டும், பக்கத்தில் இருக்கும் புள்ளி, வேகம் குறைந்தால் சிவப்பாகும்.

புள்ளி மஞ்சளானால், கணினியால் ஈடுகொடுக்க முடியவில்லை என்று பொருள். பச்சையாகவே இருந்தும் படம் துள்ளினால், காரணம் வேறு எங்கோ இருக்கிறது. உங்கள் கேமரா காட்சிகளில் மஞ்சள் வரும், போன் காட்சிகளில் பச்சை இருந்தும் துள்ளும் என்பது என் கணிப்பு. முதலில் கேமரா.

நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கணினிக்குக் கிடைப்பது 40 மில்லிநொடி. அதற்குள் கோப்பைப் படித்து, சுருக்கத்தைப் பிரித்து, எஃபெக்ட் இருந்தால் போட்டு, திரையில் வைக்க வேண்டும். முடியவில்லை என்றால் மென்பொருள் குரலை விடாமல் பிடித்துக்கொண்டு படத்தை விட்டுவிடும். குரல் விட்டு விட்டு வந்தால் காது உடனே கண்டுபிடித்துவிடும் என்பதால் இப்படி. உங்கள் கடிதத்தில் ‘குரல் ஒழுங்காக வருகிறது’ என்ற ஒரு வரியே எனக்குப் பாதி விஷயத்தைச் சொல்லிவிட்டது.

ரெசல்யூஷனை நான்கில் ஒன்றாகக் குறைத்தால் 3840×2160 படம் 960×540 ஆகிறது. நீளத்திலும் உயரத்திலும் நான்கில் ஒன்று, அப்படியென்றால் புள்ளிகள் பதினாறில் ஒரு பங்கு. அவ்வளவு குறைத்தும் ஏன் பயனில்லை? ஏனென்றால் அந்த செட்டிங், சுருக்கத்தைப் பிரித்ததற்கு அடுத்து வரும் வேலைகளைத்தான் பெரும்பாலும் குறைக்கிறது: எஃபெக்ட், நிறம், அடுக்குகளை ஒன்றாக்குவது. எச்.265 என்ற முறையில் சுருக்கிப் பதிந்த கோப்பைப் பிரிக்கும் வேலை முழு 4கே அளவில்தான் நடந்தாக வேண்டும். உங்கள் சிக்கல் அந்த முதல் படியிலேயே நிற்கிறது.

பழைய சரக்குப் பட்டியலை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் வரியில் பொருளின் முழுப் பெயர் இருக்கும். அடுத்த வரிகளில் ‘மேற்படி’, ‘மேற்படி’, ‘மேற்படி, அளவு மட்டும் கூடுதல்’. பத்தாவது வரியில் இருக்கும் பொருள் என்ன என்று தெரிய வேண்டும் என்றால் விரலை மேலே ஓட்டிக்கொண்டு போய் முழுப் பெயர் இருக்கும் வரியைத் தொட வேண்டும். எச்.264, எச்.265 கோப்புகள் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கின்றன. எங்கோ ஒரு ஃபிரேம் முழுப்படமாக இருக்கும். அதைத் தொடர்ந்து வருபவை முன்னும் பின்னும் இருக்கும் ஃபிரேம்களிலிருந்து என்ன மாறியது என்பதை மட்டும் குறித்துவைத்தவை. இடத்தை மிச்சம் பிடிக்க அருமையான வழி. ஆனால் நீங்கள் டைம்லைனில் ஓரிடத்தைச் சொடுக்கும் ஒவ்வொரு முறையும் கணினி பின்னால் போய் முழுப்படத்தைத் தேடி, அங்கிருந்து ஒவ்வொன்றாகக் கட்டிக்கொண்டு வர வேண்டியிருக்கிறது. எடிட் செய்பவரோ நாள் முழுக்கச் சொடுக்கிக்கொண்டே இருப்பவர்.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு எளிய சோதனை: கிளிப்பை வைத்து ஜே விசையை அழுத்தி, பின்னோக்கி ஓட்டுங்கள். முன்னோக்கி ஓட்டும்போது இருப்பதைவிடப் பின்னோக்கி படுமோசமாகத் திக்கினால், ‘மேற்படி’ கோப்போடுதான் போராடிக்கொண்டிருக்கிறீர்கள்.

இங்கேதான் நண்பரின் யோசனை இடிக்கிறது. கிராபிக்ஸ் கார்டில் வீடியோவைப் பிரிப்பதற்கென்றே தனிப் பகுதி உண்டு. கார்டு எவ்வளவு பெரியது என்பதைவிட, அந்தப் பகுதிக்கு உங்கள் கோப்பின் வகை தெரியுமா என்பதே இங்கு கேள்வி. நிறத்தை அதிக நுணுக்கத்தோடு பதியும் 10 பிட் 4:2:2 என்பது பல கார்டுகளுக்குத் தெரியாத வகை. என்விடியாவில் 2025இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்கு முந்தைய கார்டுகள், எவ்வளவு விலையுயர்ந்தவையாக இருந்தாலும், 4:2:2ஐ வன்பொருளில் பிரிப்பதில்லை. அதே சமயம் இன்டெல்லின் 11ஆம் தலைமுறையிலும் அதற்குப் பிறகும் வந்த பிராசசர்களில் உள்ளேயே இருக்கும் சின்ன கிராபிக்ஸ், எச்.265 10 பிட் 4:2:2ஐப் பிரித்துவிடும். ஆப்பிளின் எம் வரிசைச் சில்லுகளும் அப்படியே. பெரிய கார்டு போட்ட கணினி திணறும் இடத்தில் சாதாரண லேப்டாப் சுலபமாக ஓட்டுவதை நான் பார்த்திருக்கிறேன், காரணம் இதுதான்.

உங்கள் லேப்டாப்பில் நிலைமை என்ன என்று பார்க்கலாம். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைத் திறந்துவைத்துக்கொண்டு கிளிப்பை ஓட்டுங்கள். ஒவ்வொரு ஜிபியுவின் (கிராபிக்ஸ் சில்லின்) கீழும் ‘வீடியோ டீகோடு’ என்று ஒரு வரைபடம் இருக்கும். அது அசையாமல் கிடந்து, சிபியு மட்டும் நூறை நெருங்கிக்கொண்டிருந்தால் உங்கள் கோப்பை வன்பொருள் தொடவே இல்லை; மொத்தச் சுமையும் பிராசசரின் தலையில். அப்படியானால் பிரிஃபரன்ஸ், மீடியா பக்கத்தில் வன்பொருள் டீகோடிங் டிக் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள்; மாற்றினால் மென்பொருளை மூடித் திறக்க வேண்டும். சில லேப்டாப்புகளில் ‘தனி கார்டு மட்டும்’ என்று ஒரு முறை இருக்கும். விளையாட்டுக்காக யாராவது அதைப் போட்டுவைத்திருந்தால் பிராசசரின் உள் கிராபிக்ஸ் அணைந்துவிடும். உங்கள் வகைக் கோப்புக்கு உதவக்கூடிய ஒரே ஆள் அதுவாக இருக்கலாம், அதனால் மறுபடி இயக்கிவிடுங்கள். ப்ராஜெக்ட் செட்டிங்ஸில் ரெண்டரர் ‘சாஃப்ட்வேர் ஒன்லி’ என்று இல்லாமல் ஜிபியு ஆக்சிலரேஷனில் இருக்கிறதா என்பதையும் அதே கையோடு பார்த்துவிடலாம். லேப்டாப்பைச் சார்ஜரில் செருகிக்கொண்டே வேலை செய்யுங்கள். பேட்டரியில் ஓடும்போது பிராசசரும் கார்டும் தங்கள் வேகத்தை அடக்கிக்கொள்ளும்.

இவ்வளவு செய்த பிறகு கேமரா கிளிப் ஒழுங்காக ஓடினால் சந்தோஷம். ஓடாவிட்டாலும் கவலை இல்லை, ஏனென்றால் உண்மையான தீர்வு ப்ராக்ஸி. இதை நான் எந்தக் கணினியிலும், எவ்வளவு நல்ல கணினியிலும் செய்கிறேன்.

ப்ராக்ஸி என்பது ஒவ்வொரு கிளிப்புக்கும் ஓட்டுவதற்கு எளிதான ஒரு பிரதி. எடிட் செய்யும்போது திரையில் ஓடுவது பிரதி. எக்ஸ்போர்ட்டின்போது மூலம் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். பிரீமியரில் கிளிப்புகளைத் தேர்ந்தெடுத்து வலது சொடுக்கு, ப்ராக்ஸி, கிரியேட் ப்ராக்ஸீஸ். ஃபார்மட் குவிக்டைம், வகை புரோரெஸ் 422 ப்ராக்ஸி, அளவு பாதி; அதாவது 1920×1080. புரோரெஸில் ஒவ்வொரு ஃபிரேமும் தன்னளவில் முழுப்படம், ‘மேற்படி’ கிடையாது. சொடுக்கிய இடத்தில் அப்படியே நிற்கும், ஜே விசையைப் பிடித்தால் பின்னோக்கியும் வழுக்கிக்கொண்டு போகும். அந்த வித்தியாசத்தை முதன்முறை கையில் உணரும்போது உங்களுக்கே தெரியும்.

இடம் எவ்வளவு பிடிக்கும்? 1080 அளவில், நொடிக்கு 25 ஃபிரேமுக்கு, புரோரெஸ் 422 ப்ராக்ஸி நொடிக்குச் சுமார் 38 மெகாபிட். ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 17 ஜிபி. உங்கள் மூன்று மணி நேரத்துக்கு 50 ஜிபிக்குச் சற்று மேல். அவ்வளவு இடம் இல்லையென்றால் 720 அளவில் செய்யுங்கள். பாதிக்கும் குறைவாக வரும். நேர்காணலை வெட்ட அதுவே போதும். பிரதிகள் தயாராக நேரம் பிடிக்கும், அதனால் இரவில் போட்டுவிட்டுத் தூங்கப் போவது என் வழக்கம்.

மூன்று விஷயத்தில் கவனம் வேண்டும். பிரதியின் ஃபிரேம் வேகமும் ஆடியோ சேனல்களின் எண்ணிக்கையும் மூலத்தோடு அச்சாக ஒத்துப்போக வேண்டும். மென்பொருளே செய்துகொடுத்தால் இதில் பிசகு வராது. வெளியே வேறு மென்பொருளில் செய்து இணைத்தால்தான் வம்பு. இரண்டாவது, ப்ராக்ஸி செய்த பிறகு மூலக் கோப்புகளின் பெயரை மாற்றாதீர்கள், இடம் மாற்றாதீர்கள். மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுவது. ஃபோகஸ் சற்றே தவறிய ஷாட்கூட சின்னப் பிரதியில் கூர்மையாகத் தெரியும். ஒரு நேர்காணலில் இரண்டு டேக் இருந்து, எதை வைப்பது என்று முடிவெடுக்கும் நேரத்தில், ப்ராக்ஸியை அணைத்து மூலத்தில் பேசுபவரின் கண்ணை நூறு சதவீத அளவில் பாருங்கள். இதற்காகவே டாகிள் ப்ராக்ஸி பட்டனை மானிட்டருக்குக் கீழே கொண்டுவந்து வைத்திருப்பேன். கூட்டல் குறியை அழுத்தினால் பட்டன்கள் விரியும். அதிலிருந்து இழுத்துப் போட்டுக்கொள்ளலாம்.

‘ஹார்டு டிஸ்க்கை மாற்றினால் சரியாகுமா?’ என்று பலர் கேட்பார்கள். நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்து யாராவது உங்களிடம் சொல்லத்தான் போகிறார்கள். உங்கள் கேமரா நொடிக்கு 150 மெகாபிட்டில் பதிவு செய்கிறது என்று வைத்துக்கொண்டாலும் அது நொடிக்கு 19 மெகாபைட்டுக்கும் குறைவு. சாதாரண ஹார்டு டிஸ்க்கே 100 மெகாபைட்டுக்கு மேல் படிக்கும். ஒரே கேமரா ஓடும் டைம்லைனில் டிஸ்க் காரணமாக இருப்பது அபூர்வம். நான்கைந்து கேமராவை ஒரே நேரத்தில் ஓட்டும் மல்டிகேமில், அல்லது பழைய யுஎஸ்பி 2 போர்ட்டில் டிஸ்க்கைச் செருகியிருந்தால், அப்போது அடிபடலாம். எஸ்எஸ்டி கொஞ்சம்தான் இருக்கிறது என்றால் அதில் ப்ராக்ஸிகளையும், மென்பொருள் தற்காலிகமாகச் சேமித்துக்கொள்ளும் மீடியா கேஷையும் வையுங்கள், மூலம் ஹார்டு டிஸ்க்கிலேயே கிடக்கட்டும்.

16 ஜிபி ரேம் பற்றி: 4கே வேலைக்கு அடோபி பரிந்துரைப்பது 32. ப்ராக்ஸியில் எடிட் செய்தால் 16லேயே ஓட்டிவிடலாம், பிரவுசரை மூடிவைக்க வேண்டும், அவ்வளவுதான். எதிர்காலத்தில் ஏதாவது செலவு செய்வது என்றால் லேப்டாப்பை மாற்றுவதற்கு முன் ரேமைக் கூட்ட வழி இருக்கிறதா என்று பாருங்கள்.

இப்போது போன் காட்சிகள். நொடிக்கு 30 ஃபிரேம் உள்ள கிளிப்பை 25 ஃபிரேம் டைம்லைனில் போட்டால் என்ன நடக்கிறது? ஒவ்வொரு நொடியிலும் 5 ஃபிரேம்களுக்கு இடமில்லை. மென்பொருள் ஆறில் ஒன்றை விட்டுவிடுகிறது. ஒருவர் நடந்து போகிறார் என்றால் அவர் கால் சீராக நகர்ந்து வந்து, ஒரு சின்னத் தாவல், மறுபடி சீராக, மறுபடி தாவல். நொடிக்கு ஐந்து முறை. இது கணினியின் வேகக் குறைவு இல்லை. அதனால்தான் புள்ளி பச்சையாகவே இருக்கும். பத்து நொடி மட்டும் எக்ஸ்போர்ட் செய்து வேறு பிளேயரில் பாருங்கள், அதிலும் அப்படியே இருக்கும். எக்ஸ்போர்ட்டிலும் திக்குகிறது என்றால் எந்த பிளேபேக் செட்டிங்கும் அதைத் தீர்க்காது.

ஆள் அசையாமல் உட்கார்ந்து பேசும் ஷாட்டில் இது யார் கண்ணுக்கும் படாது, அப்படியே விட்டுவிடுங்கள். கேமரா நகரும் ஷாட்டிலும் ஆட்கள் குறுக்கே நடக்கும் ஷாட்டிலும்தான் உறுத்தும். பேச்சு இல்லாத, இடத்தைக் காட்டும் ஷாட் என்றால் நல்ல வழி ஒன்று உண்டு: ப்ராஜெக்ட் பேனலில் கிளிப்பின் மேல் வலது சொடுக்கு, மாடிஃபை, இன்டர்ப்ரெட் ஃபுட்டேஜ், அங்கே ஃபிரேம் வேகத்தை 25 என்று கொடுங்கள். எந்த ஃபிரேமும் போகாது. காட்சி ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும், அவ்வளவே. ஆவணப்படத்தில் அந்தச் சற்றுத் தளர்ந்த நடை பல நேரம் அழகாகவே இருக்கும். பேச்சு இருந்தால் இது ஆகாது. அங்கே ஆப்டிகல் ஃபுளோ போட்டுப் பாருங்கள். அது இடையில் வர வேண்டிய ஃபிரேம்களை ஊகித்து உருவாக்கும். விரல்கள் குறுக்கும் நெடுக்கும் அசையும் இடங்களில் பிசிறடிக்கும், அதனால் ரெண்டர் செய்து ஒருமுறை முழுதாகப் பார்த்துவிட்டுத்தான் வைக்க வேண்டும்.

போனில் இன்னொரு பிரச்சினையும் உண்டு. பல போன்கள் ‘30’ என்று சொன்னாலும் வெளிச்சத்துக்குத் தக்கபடி 29, 30, 28 என்று மாற்றி மாற்றிப் பதிவு செய்யும். மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்தால் ஃபிரேம் ரேட் மோடு ‘வேரியபிள்’ என்று காட்டும். நீளமான கிளிப்பில் குரலும் உதடும் போகப் போக விலகும். அப்படிக் காட்டினால் வெட்டத் தொடங்குவதற்கு முன்பே ஹேண்ட்பிரேக் போன்ற ஒன்றில் ‘கான்ஸ்டன்ட் ஃபிரேம் ரேட்’ தேர்ந்தெடுத்து, தரத்தை உயர்வாக வைத்து மாற்றிக்கொள்ளுங்கள். வெட்டிய பிறகு மாற்றினால் போட்ட வெட்டுகள் இடம் பெயரும். அடுத்த முறை எடுக்கும்போது, போனின் கேமரா செயலியில் 25 இல்லையென்றால் 25 கொடுக்கும் வேறு செயலியில் எடுங்கள். 30ஐ 25க்குள் பொருத்தும் தலைவலி அங்கேயே முடிந்துவிடும்.

இவை இரண்டும் இல்லாமல், பச்சைப் புள்ளியோடு, கேமரா பக்கவாட்டில் திரும்பும் ஷாட்டில் மட்டும் லேசாக அதிர்வதாகத் தெரிந்தால், அது திரையால் வருவது. லேப்டாப் திரை நொடிக்கு 60 முறை புதுப்பிக்கிறது. 25 அதற்குள் சரியாக வகுபடாது. அதனால் சில ஃபிரேம் இரண்டு முறையும் சில ஃபிரேம் மூன்று முறையும் காட்டப்படுகின்றன. வெளி மானிட்டர் 50 ஹெர்ட்ஸை ஏற்றால் மாற்றிப் பாருங்கள், அதிர்வு போய்விடும். ஏற்காவிட்டாலும் படத்தில் கை வைக்காதீர்கள். படத்தில் குறை இல்லை.

வெட்டி முடித்து நிறத்துக்குப் போகும்போது ப்ராக்ஸியை அணைத்துவிட வேண்டும். சுருங்கிய பிரதியை வைத்து நிறத்தை முடிவு செய்யக் கூடாது. அப்போது திக்கல் திரும்ப வரும். வரட்டும், அந்த நிலையில் நீங்கள் பெரும்பாலும் நின்ற ஃபிரேமைத்தான் பார்ப்பீர்கள். பிளேபேக் ரெசல்யூஷனைப் பாதியாக வைத்து, ஸ்பேனர் மெனுவில் இருக்கும் பாஸ்டு ரெசல்யூஷனை மட்டும் ஃபுல் என்று வையுங்கள். ஓடும்போது இலேசாக, நிறுத்தியதும் முழுத் தெளிவாக. படத்தின் பிசிறை நீக்கும் நாய்ஸ் ரிடக்ஷன், கேமரா நடுக்கத்தைக் குறைக்கும் வார்ப் ஸ்டெபிலைசர் இரண்டும் பெருந்தீனிக்காரர்கள். அவற்றைப் போட்ட இடத்தை ஓட்டிப் பார்த்தே ஆக வேண்டும் என்றால், இன், அவுட் குறித்து என்டர் விசையைத் தட்டுங்கள். டைம்லைனுக்கு மேலே இருக்கும் சிவப்புக் கோடு பச்சையாகும், பிறகு தடையில்லாமல் ஓடும். அந்த இடத்தில் எதையாவது மாற்றினால் கோடு திரும்பச் சிவப்பாகும் என்பதால், முடிவுக்கு வந்த பகுதிகளை மட்டும் இப்படிச் செய்வது நல்லது. நிறத்தையும் வெளிச்சத்தையும் வரைபடமாகக் காட்டும் லுமெட்ரி ஸ்கோப்ஸ் பேனலையும் வேலை முடிந்ததும் மூடிவிடுங்கள், ஓடும்போது அதற்கும் ஒரு பங்கு சக்தி போகிறது.

ரிசால்வில் வேலை செய்பவர்கள் யாராவது இதைப் படித்தால்: பிளேபேக் மெனுவில் டைம்லைன் பிளேபேக் ரெசல்யூஷன் இருக்கிறது, ரெண்டர் கேஷை ஸ்மார்ட் என்று வைத்தால் கனமான இடங்களைத் தானே பின்னணியில் செய்துகொள்ளும். டைம்லைனின் ஃபிரேம் வேகத்தை மட்டும் முதல் கிளிப்பை உள்ளே கொண்டுவரும் முன்பே முடிவு செய்யுங்கள், பிறகு மாற்ற விடாது. ஷாட்கட், கேடன்லைவ் என்ற எடிட்டிங் மென்பொருள்கள் இரண்டிலும் ப்ராக்ஸியும் பிரிவியூவின் அளவைக் குறைக்கும் வசதியும் உள்ளன. இலவசம் என்பதால் குறைத்து மதிப்பிட வேண்டாம்.

இன்றிரவு நேர்காணல் கிளிப்புகளுக்கு மட்டும் ப்ராக்ஸியைப் போட்டுவையுங்கள், போன் கிளிப்புகளை மீடியாஇன்ஃபோவில் பார்த்துவிடுங்கள். நாளை அந்த 20 நொடியை மறுபடி ஓட்டும்போது, ப்ராக்ஸி போட்ட இடத்திலும் புள்ளி மஞ்சளானால் எழுதுங்கள். எத்தனை ஃபிரேம் விட்டுப்போனது, டாஸ்க் மேனேஜரில் சிபியு, ‘வீடியோ டீகோடு’ இரண்டும் எவ்வளவு காட்டின, பிராசசரின் முழுப் பெயர் என்ன: இந்த மூன்றையும் கடிதத்தில் சேர்த்துவிட்டால் ஊகிக்க வேண்டியிருக்காது.